லிஸ்பனை எழுப்பிய கரம்

பொற்கொல்லர் தெரு, வெள்ளி வேலைக்காரர் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, சேணம் தைப்போர் தெரு, முலாம் பூசுவோர் தெரு, துணி வணிகர் தெரு! ஏதோ ஒரு பட்டணத்தின் ஒதுக்குப்புறத்திலே உள்ள தெருக்கள் என்று எண்ணிவிட வேண்டாம். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரமாம் லிஸ்பனிலே, நகரின் நடுமையத்திலே, மன்னனின் மாளிகை இருந்த திடலை ஒட்டி, நூல் பிடித்தாற்போல் ஓடுகின்ற தெருக்கள் அவை. குறுக்குத் தெருக்களிலே புனிதர்களுக்கும் இடம் தந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுந்தெருக்களிலே பெரும்பாலானவை உழைப்பவன் பெயரையும் விற்பவன் பெயரையுமே தாங்கி நிற்கின்றன. அரண்மனைத் திடல் என்று தலைமுறை தலைமுறையாக அழைக்கப்பட்ட இடத்துக்கே வணிகச் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள்!

மன்னர் பரம்பரை ஆண்ட நாட்டிலே, மடங்கள் மலிந்த நகரிலே, 18-ஆம் நூற்றாண்டிலே இப்படியொரு பெயர் சூட்டல் எப்படி நடந்தது? பழைய நகரம் அழிந்தது, அதனால் நடந்தது. அழிந்த இடத்திலே அசையாமல் நின்றார் ஒருவர், அதனாலும் நடந்தது. அவருடைய கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம். பாராட்டு மடல் தீட்டத்தான் பேனாவை எடுத்தோம். பாதி வழியிலே பேனா தயங்கி நின்றுவிட்டது. ஏன் தயங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

செபாஸ்டியான் கார்வாலோ என்பது அவர் பெயர். முழுப் பெயரைச் சொன்னால் இரண்டு வரி பிடிக்கும். பெயர் நீண்டிருந்ததே தவிர, பெட்டியிலே பணம் நீண்டதில்லை. போம்பல் கோமான் என்று உலகம் இன்று அழைப்பது அவரைத்தான். அந்தப் பட்டம் வெகுகாலம் கழித்து, முதுமையிலே வந்தது. 1699-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் லிஸ்பனில் பிறந்தார். தந்தை சிறு நிலக்கிழார், குதிரைப்படையிலே ஒரு தலைவர். மகனும் படையிலே சேர்ந்தார், பிடிக்கவில்லை, விலகினார். 30 வயதைத் தாண்டியும் ஊரார் வியக்கும்படி எதுவும் செய்யவில்லை. செய்தது ஒன்றே ஒன்று! பெரிய இடத்துக் கைம்பெண் ஒருவரை, அவருடைய குடும்பத்தார் குறுக்கே நின்றும், 1733-இல் தூக்கிச் சென்று மணந்துகொண்டார். குலப் பெருமை பேசிய அந்த வீட்டார் அவரைக் கடைசிவரை மருமகனாக மதிக்கவில்லை என்பார்கள். உயர்குடிப் பிரபுக்கள் அவரை நோக்கிய பார்வையும், அவர் அவர்களை நோக்கிய பார்வையும் அன்றே முடிவாகிவிட்டன. அந்தப் பகையை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது இரத்தமாகச் சிந்தப் போகிறது.

1738-இல் அவரை லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். ஆங்கிலம் கற்றுக்கொள்ளவில்லை, ஆனால் ஆங்கிலேயன் எப்படிப் பணக்காரன் ஆனான் என்பதைக் கற்றுக்கொண்டார். பிரேசிலிலே தோண்டிய பொன் கப்பல் கப்பலாக லிஸ்பனுக்கு வருகிறது. வந்த பொன் தங்குகிறதா? இங்கிலாந்துத் துணிக்கும் இங்கிலாந்துச் சரக்குக்கும் விலையாகி, அப்படியே லண்டனுக்குப் போய்விடுகிறது. எஞ்சியதையோ மன்னர் ஐந்தாம் ஜோவான் மாஃப்ரா என்னும் ஊரிலே மடமும் மாளிகையும் சேர்ந்த மாபெரும் கட்டடத்திலே கொட்டிக்கொண்டிருக்கிறார். பொன் விளையும் பூமிக்கு உடையவன் ஏழை. பொன்னே விளையாத தீவுக்காரன் செல்வன்! இந்த விந்தை கார்வாலோவின் உள்ளத்தைக் குடைந்தது. வணிகம் பற்றிய நூல்களாக வாங்கிக் குவித்தார். லண்டனிலுள்ள ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகம் 1740-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. பிறகு வியன்னாவுக்குத் தூது. முதல் மனைவி இறந்துவிட்டதால், அங்கே டான் என்னும் புகழ்மிக்க குடும்பத்துப் பெண்ணை மணந்தார். போர்ச்சுகலின் அரசியோ ஆஸ்திரியாவிலே பிறந்தவர். சொந்த நாட்டுப் பெண்ணின் கணவர் என்ற பரிவு அரசிக்கு இருந்தது. 1750-இல் பழைய மன்னர் மறைந்து, மகன் முதலாம் ஜோஸே பட்டமேறியதும், 51 வயதுக் கார்வாலோ அமைச்சரானார். புதிய மன்னருக்கு வேட்டையும் இசை நாடகமும் போதும். ஆளும் தொல்லையை யாராவது சுமந்தால் சரி.

அமைச்சரான ஐந்தாம் ஆண்டு. 1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் திருநாள்! லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன. பீடங்கள் தோறும் மெழுகுவத்திகள். காலை ஒன்பதரை மணி கடந்து சில நிமிடங்கள். பூமிக்கடியிலே வண்டிகள் உருள்வது போன்ற ஓசை, அடுத்து ஆட்டம். சில நொடி அல்ல, பல நிமிடங்கள்! கூரைகள் இறங்கின, கோபுரங்கள் சாய்ந்தன. தொழச் சென்றவன் தொழுத இடத்திலேயே புதைந்தான். தப்பியவர்கள், தலைக்கு மேலே கல் இல்லாத இடம் வேண்டும் என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே டேகஸ் ஆறு பின்வாங்கிற்று; அடிமண் தெரிந்தது; பிறகு கடல் மலைபோல் எழுந்து வந்து கரையிலே நின்றவர்களை வாரிக்கொண்டு போயிற்று. நிலம் கொன்றது, நீர் கொன்றது, எஞ்சியதை நெருப்புக் கொன்றது. கோயில் மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ ஐந்தாறு நாட்கள் எரிந்தது. பெரிய மருத்துவமனையிலே நோயாளிகள் படுக்கையோடு கருகினர். அரண்மனை போயிற்று, அதிலிருந்த 70,000 ஏடுகள் கொண்ட நூலகம் போயிற்று. அந்த ஆண்டு வசந்தத்திலேதான் திறந்துவைத்த இசை நாடக அரங்கம், வயது ஒன்று நிறையுமுன் சாம்பலாயிற்று. ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. மாண்டவர்கள் 30,000 என்றும் 40,000 என்றும் கணக்கிடுவோர் உண்டு.

மன்னர் குடும்பம் அதிகாலையிலேயே நகரத்தை விட்டுப் பெலேம் என்ற இடத்துக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பியது. உயிர் தப்பியதே தவிர, மன்னரின் உள்ளம் உடைந்துவிட்டது. அன்று முதல் இறக்கும்வரை, 21 ஆண்டுகளுக்கு மேல், கல் கட்டடத்துக்குள் தூங்க மாட்டேன் என்று கூடாரத்திலும், பிறகு அஜூடா மேட்டிலே எழுப்பிய மர மாளிகையிலுமாகவே காலம் கழித்தார். ஊரார் அதற்கு அரச கொட்டகை என்றே பெயர் வைத்தார்கள். நாடாளும் வேந்தன் கொட்டகையிலே! நாட்டை ஆள்வது யார்?

கார்வாலோ நகரத்துக்குள் நுழைந்தார். பல நாட்கள் வண்டியே அவருக்கு வீடு, வண்டியே அலுவலகம், முழங்காலே மேசை என்பார்கள். ஆணைமேல் ஆணை பறந்தது. பிணங்கள் அழுகினால் கொள்ளை நோய் வரும். குழி தோண்டிச் சடங்கு செய்ய நேரம் இல்லை. படகுகளிலே ஏற்றிக் கடலிலே ஆழ்த்தச் சொன்னார். சமயத் தலைவரின் இசைவையும் கேட்டுப் பெற்றார். வெளியூர்ப் படைகளை வரவழைத்தார். வேலை செய்யத் திராணியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடாதபடி வழிகளிலே காவல் வைத்தார். துறைமுகத்திலே நின்ற கப்பல்களைப் போகாமல் நிறுத்தி, அவற்றிலிருந்த தானியத்தை இறக்கினார். பூகம்பத்துக்கு முதல் நாள் என்ன விலையோ அதே விலைக்குத்தான் உணவு விற்க வேண்டும். வாடகையை உயர்த்தக் கூடாது. குடியிருப்பவனைத் துரத்தக் கூடாது. சாவு வீட்டிலே சந்தை நடத்தும் புத்திசாலிகள் எல்லா நாட்டிலும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். கொள்ளையடிப்போருக்காக உயர்ந்த மேடுகளிலே, ஊரெல்லாம் பார்க்கும்படி, தூக்குமரங்கள் நாட்டினார். 30-க்கு மேற்பட்டோர் தொங்கினார்கள். நகரம் எரிந்து அடங்காத அந்த வாரத்திலேயும் லிஸ்பன் கெஜட் என்ற செய்தித்தாள் வெளிவந்தது. பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு அது கொஞ்சம் பெருமை தரும் செய்தி.

இதற்கிடையிலே ஒரு பெரிய விசாரணை தொடங்கிவிட்டது. யார் செய்த பாவம்? லிஸ்பன் பாதிரிமார் சிலர் சொன்னார்கள்: நாடகமும் களியாட்டமும் பெருகின, மதம் மாறுபட்ட அயல்நாட்டு வணிகரை ஊருக்குள் விட்டார்கள், ஆண்டவன் சினந்தான் என்று. இங்கிலாந்திலே இருந்த போதகர்கள் சொன்னார்கள்: உயிரோடு மனிதரை எரிக்கும் மத விசாரணை மன்றம் அந்த ஊரிலே இருந்தது, ஆண்டவன் சினந்தான் என்று. பிரான்சிலே ஏசு சபையாருக்கு ஆகாதவர்கள், ஏசு சபையாரால் வந்த வினை என்றார்கள். குற்றவாளி யார் என்பதிலேதான் சண்டை. நீதிபதி யார் என்பதிலே ஒற்றுமை! கோயில்கள் நொறுங்கின, விசாரணை மன்றத்தின் மாளிகையும் நொறுங்கிற்று, விலைமாதர் வாழ்ந்த தெருக்கள் பல தப்பின. கடல் கடந்து, இஸ்லாமியர் வாழும் மொராக்கோவிலும் ஊர்கள் இடிந்தன. எந்தச் சூத்திரத்திலே இதை அடக்குவது? பிரெஞ்சு நாட்டு வால்டேர் இதைக் கேட்டுத்தான் நீண்டதொரு கவிதை எழுதினார். ஜெர்மனியிலே இளைஞராக இருந்த கான்ட், 1756-இல் மூன்று கட்டுரைகள் எழுதி, காரணத்தை மண்ணுக்கடியிலே தேடச் சொன்னார்.

பழங்காலத்து மடமை என்று நாம் சிரித்துவிட முடியாது. 1934 ஜனவரியிலே பீகார் நடுங்கியபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியடிகளே கூறினார்; கூறிய இடம் நம் திருநெல்வேலி. தாகூர் மறுத்து எழுதினார். அந்த மறுப்பைத் தம் ஏட்டிலேயே காந்தியடிகள் வெளியிட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதிலே இருவருக்கும் மாறுபாடு இல்லை. நிலநடுக்கத்தைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றலாமா என்பதுதான் கேள்வி.

கார்வாலோ இந்த வழக்கிலே வாதாடவில்லை. வேறொன்று செய்தார். நாடெங்கும் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை மணிக்குத் தொடங்கிற்று? எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையிலே ஆட்டம் அதிகமாக இருந்தது? எத்தனை வீடுகள் விழுந்தன? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? நிலம் வெடித்ததா, அதிலிருந்து என்ன வந்தது? கிணறுகளும் ஊற்றுகளும் என்ன ஆயின? இப்படி வரிசையாக. பதில் எழுத வேண்டியவர் யார்? அந்தந்தப் பங்கின் பாதிரியார்! கிராமத்திலே எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர்தானே! பாவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நிமிடத்தை எண்ண வேண்டியதாயிற்று, சுவரை எண்ண வேண்டியதாயிற்று, பிணத்தை எண்ண வேண்டியதாயிற்று. அந்தப் பதில்களிலே பல, லிஸ்பன் ஆவணக் களஞ்சியத்திலே இன்றும் இருக்கின்றன. நிலநடுக்க ஆராய்ச்சி செய்வோர் இன்றைக்கும் அவற்றைப் புரட்டுகிறார்கள். அவருடைய நீண்ட வாழ்விலே நமக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான்.

இனி நகரம்! அதைக் கட்டச் சொன்னவர் கார்வாலோ. கட்டும் வழி காட்டியவர் மானுவேல் ட மாயா என்ற முதிய பொறியாளர். பூகம்பத்தின்போது அவருக்கு வயது 78. லிஸ்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய மேல்வாய்க்கால் கட்டிய பணியிலே அவருக்குப் பங்கு உண்டு. அந்த வளைவுகள் நிலநடுக்கத்திலும் விழவில்லை. நாட்டின் ஆவணக் களஞ்சியமும் அவர் பொறுப்பிலே இருந்தது. கோட்டைக் கோபுரம் இடிந்து விழுந்ததும், அந்த வயதிலே, இடிபாட்டிலிருந்து ஏடுகளை மீட்டுக் கொட்டகையிலே சேர்த்தார். பேரன் கையைப் பிடித்து நடக்க வேண்டிய வயதிலே கிழவருக்கு எவ்வளவு வேலை!

பூகம்பம் நடந்து ஐந்து வாரம் முடியுமுன், டிசம்பர் 4-ஆம் நாளே, மாயா தம் அறிக்கையைக் கொடுத்துவிட்டார். வழிகளை வரிசைப்படுத்தினார். பழைய சந்துபொந்துகளோடு இருந்தபடியே கட்டலாம். தெருக்களை மட்டும் அகலமாக்கலாம். வீடுகளின் உயரத்தைக் குறைக்கலாம். தாழ்ந்த பகுதியை முழுவதும் தரைமட்டமாக்கிப் புதிதாகத் தெரு வகுக்கலாம். அல்லது பழைய இடத்தையே கைவிட்டுப் பெலேம் பக்கம் புதிய நகரம் காணலாம். தேர்ந்தெடுத்தது நான்காவது வழியை. திட்டம் தீரும்வரை யாரும் சுவர் எழுப்பக் கூடாது என்று தடை போட்டு, இடிந்த மனைகளை அளந்து, யாருக்கு எவ்வளவு என்று பதிந்தார்கள். 1758 மே மாதம் சட்டம் வந்தது. இழந்த மனைக்கு ஈடாகப் புது மனை. குறித்த காலத்துக்குள் கட்டாதவன் கட்டுபவனுக்கு விட்டுவிட வேண்டும். வரைபடம் தீட்டியவர்கள் எவுஜேனியோ டோஸ் சாண்டோசும், ஹங்கேரியிலே பிறந்த கார்லோஸ் மார்டெலும். இருவருமே நகரம் நிமிர்வதைக் காணாமல் 1760-இலும் 1763-இலும் மறைந்தார்கள். மாயா 1768-இல் மறைந்தார்.

அந்த வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பைஷா என்று அழைக்கப்படும் அந்தத் தாழ்ந்த பகுதி ஆற்று வண்டல், தோண்டினால் தண்ணீர். ஆகவே பைன் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் போட்டார்கள். எப்போதும் ஈரத்திலே மூழ்கியிருக்கும் மரம் எளிதில் உளுக்காது. பழைய நகரத்தின் இடிபாடுகளையே கொட்டித் தரையை உயர்த்தினார்கள். கீழ்த்தளம் கல் வளைவு. தீ மேலேறாமல் தடுக்க. அதற்கு மேலே சுவருக்குள் ஒரு மரக்கூண்டு! நெடுமரம், குறுக்குமரம், அவற்றுக்கிடையே பெருக்கல் குறிபோல் சாய்ந்த மரங்கள். இடைவெளியிலே கல்லும் சாந்தும் நிரப்பி மேலே பூசிவிட்டால் வெளியே தெரியாது. கல் விறைப்பாக நிற்கும், பிறகு பிளக்கும். மரம் வளைந்து கொடுக்கும். கப்பல் கட்டிப் பழகிய நாட்டிலே தச்சர்களுக்கா பஞ்சம்! மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து வைத்து, சுற்றிலும் படைவீரரைத் தடதடவென்று நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கூரைக்கு மேலே உயர்ந்த தீத்தடுப்புச் சுவர். பெருந்தெருவுக்கு அகலம் 60 சாண், அதாவது 40 அடிக்கு மேலே. தெருவுக்கு அடியிலே சாக்கடை. கதவு, சன்னல், கல்நிலை, இரும்புக் கம்பி எல்லாம் ஒரே அளவு. ஒரு பட்டறையிலே செய்து குவித்து, வேண்டிய வீட்டுக்கு எடுத்துப் பொருத்தலாம்.

இன்னொன்று. பெரிய பிரபு என்பதற்காக வாசலிலே சிங்கம் செதுக்கிக்கொள்ள முடியாது. தெருவிலே எல்லா வீட்டு முகப்பும் ஒன்றே. கோயிலுக்குக்கூட வரிசையிலே நிற்கத்தான் இடம் தந்தார்கள். ஊரெல்லாம் தன் மாளிகைக் கோபுரத்தைப் பார்த்து வாழ வேண்டும் என்று நினைத்த உயர்குடிக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

பணம்? வணிகர்கள் தாமே முன்வந்ததாகப் பெயர் பண்ணி, இறக்குமதிச் சரக்கின் மீது நூற்றுக்கு 4 வீதம் வரி. சதுக்கத்துக்கு அவர்கள் பெயர் வந்தது இதனால்தான். இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு லட்சம் பவுன் பெறுமான உதவியை அனுப்பிற்று. ஹாம்பர்க் நகரம் மரம் அனுப்பிற்று. எல்லாவற்றுக்கும் அடியிலே பிரேசில் பொன். அந்தப் பொன்னைத் தோண்டியவன் விலங்கு பூட்டிய ஆப்பிரிக்க அடிமை. தெருப் பலகையிலே பொற்கொல்லன் பெயர் இருக்கிறது. பொன் எடுத்தவன் பெயர் எங்கும் இல்லை.

இந்த இடத்திலேதான் பேனா தயங்குகிறது.

மாலகிரிடா என்று ஏசு சபைத் துறவி ஒருவர். இத்தாலியிலே பிறந்து, பிரேசிலிலே பல்லாண்டு சுற்றியவர். மக்கள் அவரை மகான் என்று கொண்டாடினார்கள். 1756-இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பூகம்பத்துக்கு இயற்கைக் காரணம் சொல்வது தவறு, காரணம் பாவமே. கொட்டகை போடுவதிலும் கட்டடம் எழுப்புவதிலும் காலம் கடத்தாமல், தனித்திருந்து தவம் செய்யுங்கள் என்பது அதன் சாரம். அமைச்சருக்கும் ஒரு படி அனுப்பி வைத்தார்! ஊர் வேலைக்கு ஆள் போதாமல் தவிக்கும் நேரத்திலே இப்படிப் பேசினால் எந்த அமைச்சர்தான் பொறுப்பார்? அவரைச் செட்டூபல் ஊருக்கு வெளியேற்றினார் கார்வாலோ. அந்த அளவோடு நின்றிருந்தால் அவர் பக்கம் நின்று நாம் வாதாடியிருப்போம்.

1758 செப்டம்பர் 3-ஆம் நாள் இரவு, காதற்கிழத்தியைக் கண்டுவிட்டுத் திரும்பிய மன்னரின் வண்டிமீது துப்பாக்கிச் சூடு. மன்னருக்குக் காயம். டாவோரா என்ற மிகப் பெரிய உயர்குடியும் ஆவேரோ கோமகனும் சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. சித்திரவதையிலே வாக்குமூலம் வாங்கி, 1759 ஜனவரி 13-ஆம் நாள் பெலேமிலே மேடை போட்டு, முதிய டாவோரா சீமாட்டியின் தலையை வெட்டினார்கள். ஆண்களின் எலும்பை நொறுக்கினார்கள். உடல்களை எரித்துச் சாம்பலை ஆற்றிலே கரைத்தார்கள். பழைய பகை தீர்ந்தது! அதே ஆண்டு, சூடு நடந்த அதே செப்டம்பர் 3-ஆம் நாளை நாள் பார்த்து, ஏசு சபையார் அனைவரையும் போர்ச்சுகல் ஆட்சிப் பரப்பிலிருந்தே துரத்தும் ஆணை வந்தது. கோவாவிலும் அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். தமிழ்நாட்டு மதுரை மிஷனையும் அந்தப் புயல் தாக்கிற்று. நம் வீரமாமுனிவர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். இந்தக் கொடுமையைக் காணாமல் முன்பே மறைந்துவிட்டார்.

மாலகிரிடா சிறையிலே வாடினார். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. புத்தி பேதலித்து, குரல்கள் கேட்கின்றன, காட்சிகள் தெரிகின்றன என்று எழுதிக்கொண்டிருந்தார். மன்னரைக் கொல்ல முயன்றார் என்பதை மெய்ப்பிக்க முடியவில்லை. என்ன செய்தார் கார்வாலோ? எந்த மத விசாரணை மன்றத்தின் மாளிகை நிலநடுக்கத்திலே நொறுங்கிற்றோ, அந்த மன்றத்தின் தலைமையிலே தம் உடன்பிறந்தாரை அமர்த்தி, மதத் துரோகி என்று தீர்ப்பு வாங்கினார். 1761 செப்டம்பர் 21-ஆம் நாள் ரொஸ்ஸியோ சதுக்கத்திலே, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். பாதிரிமாரை வாழ்நாளெல்லாம் சாடிய வால்டேரே அருவருத்து முகம் சுளித்தார். கேள்வித்தாளைக் கொண்டு வென்றிருந்த வழக்கை விறகைக் கொண்டு தோற்றார் கார்வாலோ. கிழவரின் நூலை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? எரித்த பிறகு அவர் பெயர் ஐரோப்பாவெல்லாம் பரவிற்று.

மற்றவற்றையும் சொல்லாவிட்டால் நாணயம் ஆகாது. 1761-இல் ஆணையிட்டு, போர்ச்சுகல் மண்ணுக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தார். பிரேசிலிலே அடிமை வணிகம் நடத்தும் கம்பெனியை ஏற்படுத்தியவரும் அவரே! அதே ஆண்டு, கீழ்நாடுகளிலே பிறந்த கிறித்தவக் குடிமக்கள் வெள்ளையருக்குச் சமம் என்று ஆணை பிறப்பித்தார். கோவாவிலிருந்த அதிகாரிகள் ஆண்டுக்கணக்கிலே அதைக் கிடப்பிலே போட்டார்கள். யூத மரபினர் என்பதால் புதுக் கிறித்தவர் என்று ஒதுக்கும் இழிவை 1773-இல் சட்டத்தால் ஒழித்தார். கொயிம்ப்ரா பல்கலைக் கழகத்திலே 1772-இல் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் இடம் தந்தார். போர்ட்டோ நகரிலே திராட்சை மதுக் கம்பெனியை எதிர்த்து 1757-இல் ஏழைகள் கலகம் செய்தபோது தூக்கிலிட்டார். இத்தனையும் ஒரே கையெழுத்து!

1775 ஜூன் 6-ஆம் நாள் வணிகச் சதுக்கத்திலே மன்னரின் வெண்கலச் சிலையைத் திறந்தார்கள். சுற்றியுள்ள கட்டடங்கள் இன்னும் முடியவில்லை. குதிரைமேல் மன்னர்; அடிப்பீடத்திலே, மக்களின் கண் மட்டத்திலே, அமைச்சரின் உருவம் பொறித்த வட்டத் தகடு. இரண்டே ஆண்டுகள். 1777 பிப்ரவரியிலே மன்னர் மறைந்தார். மகள் மரியா பட்டமேறினார். மார்ச் தொடக்கத்திலே பதவி போயிற்று. சிறைக் கதவுகள் திறந்தன. விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்காக அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கானோர், வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி வெளியே வந்தார்கள். அவர்கள் நடந்து சென்றது அவர் கட்டிய அழகிய தெருக்களிலே! பீடத்திலிருந்த தகட்டையும் பெயர்த்தெடுத்தார்கள். 1833-இல்தான் அது திரும்ப வந்தது.

கிழவர் போம்பல் என்ற ஊருக்குப் போய் ஒடுங்கினார். 80 வயதிலே, நோயோடு கிடந்தவரிடம் நாட்கணக்கிலே விசாரணை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மன்னர் சொன்னார், செய்தேன். ஆணையிட்டே பழகிய மனிதர், தாம் வெறும் ஏவலாள் என்று சொல்லித் தப்ப நேர்ந்தது! குற்றவாளி என்றே 1781-இல் அரசியார் அறிவித்தார். வயதைக் கருதித் தண்டனை இல்லை, அரசவையை நெருங்கக் கூடாது என்பதோடு விட்டார். 1782 மே 8-ஆம் நாள் இறந்தார். 1811-இல் பின்வாங்கிச் சென்ற பிரெஞ்சுப் படையினர் அவர் கல்லறையையும் கலைத்துவிட்டுப் போனார்கள்.

1969 பிப்ரவரி 28-ஆம் நாள் மீண்டும் ஒரு பெரிய நிலநடுக்கம் லிஸ்பனை ஆட்டிற்று. பைஷா நின்றது. ஆனால் காலப்போக்கிலே கடையைப் பெரிதாக்கவும் மாடி ஏற்றவும் சுவரை உடைத்தவர்கள் பலர், உள்ளே குறுக்கே வந்த மரத்தையும் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். அது எதற்காக இருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அவருடைய எலும்புகள் 1923 முதல் நினைவுக் கோயில் என்ற சிறு ஆலயத்திலே இருக்கின்றன. துப்பாக்கிச் சூட்டிலிருந்து மன்னர் தப்பியதற்கு நன்றியாகக் கட்டிய ஆலயம் அது. அங்கிருந்து பெலேமுக்கு நடந்தே இறங்கிவிடலாம். அங்கே ஒரு குறுகிய சந்து. உப்பு மண் சந்து என்று பெயர். ஆவேரோ கோமகனின் மாளிகையை இடித்து, நிலத்திலே உப்பைத் தூவி, இந்த இடத்திலே என்றென்றும் எதையும் கட்டக் கூடாது என்று எழுதிக் கல்தூண் நாட்டினார்கள். தூண் இன்றும் நிற்கிறது. வீடுகள் நெருக்கிக்கொண்டு எழுந்து அதைச் சூழ்ந்துவிட்டன.